பழைய டிவி கேம்: என் வரிசை, அதற்கு முன் சரிசெய்ய வேண்டியவை

கேள்வி சுருக்கமாக இது: பெங்களூர் ராமமூர்த்தி நகரில் இருக்கும் ஒருவர் சேலத்து வீட்டுப் பரணிலிருந்து பழைய டிவி கேம் பெட்டியையும் ஆறேழு கேசட்டையும் எடுத்து வந்திருக்கிறார். ஒன்பது வயது மகளோடு உட்கார்ந்து ஆட வேண்டும். "உங்களுக்குப் பிடித்த பத்து ஆட்டங்களை வரிசைப்படுத்திச் சொல்லுங்கள். இன்னொன்று, புது எல்.இ.டி. டிவியில் மாட்டினால் மாரியோ குழியில் விழுந்துகொண்டே இருக்கிறான். எனக்குக் கை போய்விட்டதா, பெட்டி போய்விட்டதா?" என்று கேட்கிறார்.

இரண்டும் போகவில்லை. டிவியின் தாமதம் ஒரு பக்கம், ஆட்டம் ஓடும் வேகம் இன்னொரு பக்கம். இந்த இரண்டையும் பார்க்காமல் வரிசை போட்டால் அது வெறும் ஞாபகங்களின் பட்டியலாகிவிடும். தாமதமாகக் காட்டும் டிவியில் மாரியோ மட்டமான ஆட்டமாகத் தெரியும். அதே டிவியில் டேங்க் கேம் குறையில்லாமல் ஓடும். ஆகவே மெஷினை முதலில் சரிசெய்துவிட்டு வரிசைக்குப் போகலாம்.

வேகம்

நின்டெண்டோவின் அசல் பெட்டிகளான ஜப்பானிய ஃபேமிகாமும் அமெரிக்க நெஸ்ஸும் நொடிக்கு 60 படம் வரைபவை. நம் நாட்டு டிவி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 50 படம். 90களில் இங்கே விற்ற நகல் பெட்டிகள் பலவற்றின் உள்ளே, 60 படத்துக்கு எழுதிய ஆட்டங்களை உடைக்காமல் 50 படத்தில் ஓட்டுவதற்கென்றே செய்த சிப்கள் இருந்தன. இந்த ஆட்டங்களில் நகர்வு, எதிரி, கடிகாரம், பாட்டு எல்லாமே படத்துக்கு ஒரு தடவை கணக்கிடப்படுகின்றன. படம் குறைந்தால் மொத்த ஆட்டமும் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் நகரும். பாட்டும் மெதுவாகும், ஆனால் சுருதி இறங்காது. ஒலியை உண்டாக்கும் கடிகாரம் 1.79 மெகாஹெர்ட்ஸுக்குப் பதில் 1.77 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, காதுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. யூடியூபில் மாரியோ பாட்டைக் கேட்டு "இது ஏன் இவ்வளவு அவசரமாக ஓடுகிறது?" என்று நினைத்திருந்தால் காரணம் இதுதான். நகல் சிப்கள் பலவற்றில் இன்னொரு கோளாறும் உண்டு. பாட்டை உண்டாக்கும் சதுர வடிவ ஒலியலையின் இரண்டு அகலங்கள் இடம் மாறியிருக்கும். அதனால் கான்ட்ராவின் பாட்டு அசலில் ஒரு குரலிலும் நம் பெட்டியில் வேறு குரலிலும் கேட்கும்.

உங்கள் பெட்டி எந்த வேகத்தில் ஓடுகிறது என்று பார்க்க மாரியோ கேசட்டே போதும். முதல் ஸ்டேஜைத் தொடங்கி, எந்தப் பட்டனையும் தொடாமல் ஆரம்பித்த இடத்திலேயே நில்லுங்கள். மேலே டைம் 400லிருந்து குறையும். அது 300க்கு வர எத்தனை நொடி என்று செல்போனில் பாருங்கள். ஒரு எண் குறைய 24 படம் ஆகும். ஆக 100 எண்ணுக்கு 2400 படம். 40 நொடி ஆனால் 60 படம், 48 நொடி ஆனால் 50 படம்.

என் கருத்தில், புதிதாக ஆடும் குழந்தைக்கு 50 படம் நல்ல தொடக்கம். மாரியோவில் இரண்டாம் உலகம் தாண்டிய பிறகு 60க்கு மாற்றினால் ஆட்டம் திடீரென்று உயிர் பெற்றது போல இருக்கும்.

தாமதம்

60 படத்தில் ஒரு படத்துக்கு 16.7 மில்லி நொடி. பழைய குழல் டிவி வந்த சிக்னலை வந்தபடியே திரையில் வரைந்துவிடும், தேக்கி வைக்காது. எல்.இ.டி. டிவி ஒரு முழுப் படத்தையாவது வாங்கி, பெரிதாக்கி, மெருகேற்றிக் காட்டும். இதோடு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. இந்தப் பெட்டிகள் ஒன்றுவிட்டு ஒரு வரி வரையாமல், வரும் வரிகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வரைகின்றன. புது டிவிகளும் மலிவு கன்வெர்ட்டர்களும் இதைச் சாதாரண டிவி ஒளிபரப்பு என்று தவறாக எடுத்துக்கொண்டு, இரண்டு படங்களைப் பிணைத்து ஒன்றாக்கப் பார்க்கும். விளைவு, தாமதம் கூடும். அடிபட்டதும் கண்சிமிட்டும் ஆள் பாதி மறைந்தே போவான், நகரும் பொருள்களின் ஓரம் சீப்புப் பல் போலக் கிழிந்து தெரியும்.

அளக்க வழி இருக்கிறது. செல்போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனைப் போட்டு, ரிமோட்டில் உங்கள் கட்டைவிரலும் டிவி திரையும் ஒரே சட்டத்தில் வரும்படி படம் எடுங்கள். பட்டன் அமுங்கிய படத்திலிருந்து மாரியோவின் கால் தரையை விட்டுக் கிளம்பும் படம் வரை எண்ணுங்கள். ஒவ்வொன்றும் 4.2 மில்லி நொடி. 12 படத்துக்குள் முடிந்தால் அருமை. 25 தாண்டினால் 100 மில்லி நொடிக்கு மேல். குழியின் விளிம்பில் தாவுபவர் யாராக இருந்தாலும் விழுவார்.

சரிசெய்யும் வரிசை: டிவி மெனுவில் கேம் மோடைப் போடுங்கள். அசைவை மென்மையாக்கும் வசதி, இரைச்சல் குறைக்கும் வசதி இரண்டையும் அணையுங்கள். சில டிவிகளில் கேம் மோட் ஹெச்.டி.எம்.ஐ. நுழைவுக்கு மட்டும்தான் வேலை செய்யும், மஞ்சள் பின் (ஏ.வி.) நுழைவுக்குச் செய்யாது. அப்படியானால் ரெட்ரோடிங்க், ஓ.எஸ்.எஸ்.சி. போன்ற, இந்த வகை சிக்னலுக்கென்றே செய்த கருவிகள் உண்டு. விலை அதிகம், ஆனால் சொன்னதைச் செய்யும். ஓ.எஸ்.எஸ்.சி. என்பது நிறங்கள் தனித்தனிக் கம்பியில் வரும் ஆர்.ஜி.பி. போன்ற சிக்னலுக்கானது, மஞ்சள் பின்னை அது நேராக வாங்காது. உங்கள் பெட்டிக்கு ரெட்ரோடிங்க்தான் பொருந்தும்.

இணைப்பும் அடாப்டரும்

எஸ்.பி. ரோட்டில் கன்வெர்ட்டர் வாங்கப் போனால் ஒன்றை நினைவில் வையுங்கள். ஏ.வி.யிலிருந்து ஹெச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது ஒன்று, ஹெச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்கு மாற்றுவது இன்னொன்று. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறப் பெட்டி. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அம்புக்குறியைப் பார்த்து வாங்குங்கள். கடையில் டிவி இருந்தால் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போகலாம், வண்டியில் போனால் நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும்.

டிவியில் மூன்று நிறத் துளைகளுக்குப் பதில் சின்ன 3.5 மி.மீ. துளை மட்டும் இருந்தால், டிவியோடு வந்த கம்பியையே பயன்படுத்துங்கள். வெளியே விற்கும் கம்பிகளில் உள் வரிசை மாறியிருக்கும், மஞ்சளில் வர வேண்டிய படம் சிவப்பில் வரும். படம் வராமல் ஒலியில் இரைச்சல் மட்டும் கேட்டால் மஞ்சள் முனையை மற்ற இரண்டிலும் மாற்றி மாற்றிச் செருகிப் பாருங்கள். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் இரண்டு காரணங்கள்: பச்சைத் துளையை மஞ்சளோடு பகிரும் டிவியில் உள்ளீட்டைத் தவறாகத் தேர்ந்திருக்கிறீர்கள், அல்லது நிற முறை பாலுக்குப் பதில் வேறாக வைக்கப்பட்டிருக்கிறது. ஒலிக்கு வெள்ளை பின் ஒன்றே போதும், இந்தப் பெட்டிகளில் ஸ்டீரியோ கிடையாது.

அடாப்டர்தான் பெட்டிகளைக் கொல்வது. நகல் பெட்டிகள் பெரும்பாலும் 9 வோல்ட் டி.சி. கேட்கும், பலவற்றில் நடு முள் மைனஸ். இன்று கடையில் கிடைக்கும் அடாப்டர்கள் பெரும்பாலும் நடு முள் பிளஸ். பெட்டியின் அடியிலோ துளையின் பக்கத்திலோ குறி இருக்கும், அதைப் பார்க்காமல் செருகாதீர்கள். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை அடாப்டரின் உள் துளையிலும் கறுப்பை வெளிப்புறத்திலும் வைத்தால், நடு மைனஸ் அடாப்டர் மைனஸ் அடையாளத்தோடு எண்ணைக் காட்டும். பழைய வகை கனமான அடாப்டர் சுமை இல்லாதபோது 12, 13 வோல்ட் காட்டினால் பயப்பட வேண்டாம், அது அதன் இயல்பு. ஆனால் 12 வோல்ட் என்றே எழுதிய அடாப்டரைப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் 7805 என்ற சிப் வந்ததை 5 வோல்ட்டாக வெட்டி மிச்சத்தைச் சூடாக வெளியே விடுகிறது. 9 வந்தால் 4 வோல்ட்டை எரிக்கிறது, 12 வந்தால் 7ஐ எரிக்கிறது. அரைமணி நேரத்தில் படம் நடுங்கி ஆட்டம் நின்றுவிடும். யாராவது அசல் ஜப்பானிய ஃபேமிகாம் கொடுத்தால் அதன் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட் சுவரில் அதைச் செருகவே கூடாது. அமெரிக்க நெஸ்ஸின் அடாப்டர் ஏ.சி. வெளியிடும், அதை ஃபேமிகாமிலோ நகல் பெட்டியிலோ மாட்டினால் பெட்டி போய்விடும்.

ரிமோட் பற்றி ஒரு எச்சரிக்கை. நகல் பெட்டிகளின் 9 பின் ரிமோட்டும் சேகா மெகா டிரைவின் ரிமோட்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், உள்ளே கம்பி வரிசை வேறு. ஒன்றை மற்றதில் செருகாதீர்கள்.

கேசட்டைத் துடைப்பது

ஊதக்கூடாது. மூச்சிலுள்ள ஈரம் பின்களில் படிந்து நாளடைவில் பச்சை பூக்க வைக்கும். ஊதியதும் ஓடுகிறதே என்றால், ஊதியதால் அல்ல, கழற்றி மறுபடி செருகியதால். 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் காது துடைக்கும் பஞ்சுக்குச்சியை நனைத்து, பின்களின் நீளவாக்கில் இரண்டு பக்கமும் தேயுங்கள். பஞ்சு கறுப்பாக வருவது நிற்கும் வரை குச்சியை மாற்றுங்கள். ஐந்து நிமிடம் காயவிடுங்கள். உப்புத்தாள் வேண்டாம், தங்கப்பூச்சு மிக மெல்லியது. கறை போகவே இல்லையென்றால் வெள்ளை ரப்பரை லேசாக ஓட்டி, துகளைத் துடைத்துவிட்டு மறுபடி ஆல்கஹால்.

எந்தப் பின் தொடவில்லை என்பதைத் திரையே சொல்லும். ஒரே நிறத் திரை மட்டும் வந்தால் நிரல் படிக்கும் பக்கத்துப் பின்கள் தொடவில்லை. ஆட்டம் ஓடுகிறது, பாட்டு கேட்கிறது, ஆனால் எழுத்தும் ஆளும் சிதறிக் கிடந்தால் படத்துக்கான பின்கள் தொடவில்லை. பெட்டியின் துளையைத் துடைக்க, பின்னில் ஆல்கஹால் லேசாகத் தடவிய கேசட்டை, மின்சாரம் இல்லாதபோது, நாலைந்து முறை செருகி எடுத்தால் போதும்.

இனி வரிசை

நீங்கள் பத்து கேட்டீர்கள். நான் எட்டுதான் தருகிறேன், மற்ற இரண்டை எண்ணிக்கைக்காகச் சேர்க்க மனமில்லை. என் அளவுகோல் ஒன்றே: இன்று ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் பக்கத்தில் உட்கார்ந்தால் அரைமணிக்குப் பிறகும் ரிமோட்டைக் கீழே வைக்க மனம் வருகிறதா என்பது. ஞாபகத்துக்கு மதிப்பெண் கிடையாது.

முதல் இடம் கான்ட்ரா, கோனாமி, 1988. இரண்டு பேர் ஒரே திரையில் ஒரே நேரத்தில் ஓடும் ஆட்டங்களில் இதைவிடக் கச்சிதமானது இந்த மெஷினில் இல்லை. எட்டு ஸ்டேஜ், எதுவும் இழுபடாது. தாவும்போது காற்றிலேயே திரும்பலாம், எட்டுத் திசையில் சுடலாம், படுக்கலாம். செத்தால் அது உங்கள் தவறு என்று உடனே தெரியும். எஸ் எழுத்து துப்பாக்கி ஐந்து குண்டுகளை விசிறியாக விரிக்கும். அது கையிலிருக்கும்போது மற்ற எழுத்துகளை எடுக்காமல் விலகி நடப்பதுதான் ஆட்டத்தின் பாதி. ஆர், பி இரண்டும் விதிவிலக்கு, துப்பாக்கியை மாற்றாது: ஆர் குண்டின் வேகத்தைக் கூட்டும், பி சிறிது நேரம் சாகாமல் காக்கும்.

இருவர் ஆடும்போது தகராறு மூன்றாவது ஸ்டேஜில், அருவியில், தொடங்கும். திரை மேல்நோக்கி மட்டும் நகரும். ஒருவர் முந்தி ஏறினால் கீழே நிற்பவர் திரைக்கு வெளியே போய்ச் சாவார். மகளை முன்னால் ஏறவிட்டு நீங்கள் ஒரு படி கீழே இருங்கள், அவள் நிற்கும் இடத்தைவிட உயரமாகத் தாவாதீர்கள். லைஃப் தீர்ந்தவர் மற்றவரின் கையிருப்பிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம், இதைக் கேட்காமல் செய்வதுதான் எல்லா வீட்டிலும் சண்டைக்குக் காரணம். 30 லைஃப் வேண்டுமானால் தலைப்புத் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. ஒருவருக்கு உடனே ஸ்டார்ட், இருவருக்கு முதலில் செலக்ட், பிறகு ஸ்டார்ட்.

ஜப்பானிய ஃபேமிகாம் கேசட்டில் கோனாமியின் சொந்தச் சிப் ஒன்று இருக்கிறது. அதனால் அதில் காட்டு மரங்கள் காற்றில் ஆடும், பனி பெய்யும், ஸ்டேஜுக்கு நடுவில் வரைபடம் வரும். அமெரிக்கக் கேசட் எளிமையான பலகையில் செய்தது, இவையெல்லாம் அதில் இல்லை. மரங்கள் அசையாமல் நின்றால் உங்களிடம் இருப்பது அமெரிக்க வடிவம் அல்லது அதன் நகல். ஆட்டம் அதிலும் ஒன்றுதான்.

விசிறித் துப்பாக்கியும் எதிரிக் கூட்டமும் ஒரே உயரத்தில் சேரும்போது உருவங்கள் மினுங்கும். பழுது அல்ல. இந்த மெஷின் ஒரு வரியில் எட்டு நகரும் துண்டுகளைத்தான் வரையும், மீதியை மாற்றி மாற்றிக் காட்டும்.

இரண்டாம் இடம் பேட்டில் சிட்டி, நாம்கோ, 1985. நமக்கு டேங்க் கேம். பலர் கையில் இருந்தது டேங்க் 1990 என்ற மாற்றிய வடிவம், தண்ணீரில் ஓட வைக்கும் கப்பல் படம் வந்தால் அதுதான். மெஷின் சரியில்லாத வீட்டில் இதையே முதலிடத்தில் வைப்பேன், ஏனென்றால் தாமதத்தை இவ்வளவு பொறுத்துக்கொள்ளும் ஆட்டம் வேறில்லை. முன்கூட்டி யோசிப்பவருக்குத்தான் இங்கே வெற்றி, விரல் வேகம் பிறகுதான். 35 ஸ்டேஜ், ஒவ்வொன்றிலும் 20 எதிரி டேங்குகள். மேலே இடது, நடு, வலது என்று மூன்று இடங்களில்தான் அவை பிறக்கும். 4வது, 11வது, 18வது டேங்குகள் சிவப்பாக மினுங்கும், அவற்றைச் சுட்டால்தான் பரிசு வரும். எண்ணிக்கொண்டே ஆடுங்கள். திரையில் ஒரு பரிசு எடுக்கப்படாமல் இருந்தால் அடுத்த சிவப்பு டேங்க் வருவதற்கு முன் அதை எடுத்துவிடுங்கள்.

நட்சத்திரம் ஒன்று எடுத்தால் குண்டு வேகமாகும், இரண்டு எடுத்தால் ஒரே நேரத்தில் இரண்டு குண்டு, மூன்று எடுத்தால் இரும்புச் சுவரும் உடையும். மூன்று நட்சத்திரத்தோடு, நாம் காக்க வேண்டிய கழுகுக்கு அருகில் சுடுபவரை நம்பாதீர்கள், உங்கள் குண்டும் கழுகைக் கொல்லும். கூட்டாளியைச் சுட்டால் அவர் சாக மாட்டார், சிறிது நேரம் உறைந்து நிற்பார், அதுவே போதும் எதிரி உள்ளே வர. ஒருவர் மேலே போய் மூன்று வாசல்களையும் கவனிக்க, மற்றவர் கழுகின் பக்கம் நிற்பது நல்ல பிரிவினை. குழந்தைக்குக் காவல் வேலையைக் கொடுக்காதீர்கள், ஐந்து நிமிடத்தில் அலுத்துவிடும். அவளை மேலே அனுப்புங்கள். தலைப்பில் கன்ஸ்ட்ரக்ஷன் என்று இருப்பதில் சொந்தமாகச் சுவர் கட்டி ஆடலாம். கழுகைச் சுற்றி இரும்பு கட்டலாம் என்பதை அவள் தானே கண்டுபிடிப்பாள்.

மூன்றாம் இடம் சூப்பர் மாரியோ பிரதர்ஸ், 1985. மொத்த ஆட்டமும் 40 கிலோபைட். மேகமும் புதரும் ஒரே வடிவம், நிறம் மட்டும் வேறு என்பதைப் பார்த்தால் இடத்தை எப்படி மிச்சப்படுத்தினார்கள் என்று புரியும். தாவலின் உயரம் ஓடும் வேகத்தையும் ஏ பட்டனைப் பிடித்திருக்கும் நேரத்தையும் பொறுத்தது. பி பட்டனை விடாமல் பிடித்து ஓடக் கற்றுக்கொள்வதுதான் முதல் பாடம், கட்டைவிரலின் நுனி பி மேலும் கணு ஏ மேலும் இருக்க வேண்டும். முதல் ஸ்டேஜே எல்லாவற்றையும் சொல்லாமல் சொல்லிக் கொடுத்துவிடும், அதனால்தான் 1988இல் வந்த மூன்றாவது மாரியோவைவிட இதை மேலே வைக்கிறேன், பெரிய ஆட்டம் மூன்றாவதுதான் என்றாலும். குறை: இதில் இருவர் மாறி மாறித்தான் ஆட வேண்டும். காத்திருக்கும் குழந்தை எழுந்து போய்விடும்.

பலருக்குத் தெரியாதது: கேம் ஓவர் ஆனதும் ஏ பட்டனைப் பிடித்தபடி ஸ்டார்ட் அழுத்தினால் செத்த உலகத்தின் முதல் ஸ்டேஜிலிருந்து தொடரலாம். 1-2இன் முடிவில் கூரை மேல் ஏறி ஓடினால் 2, 3, 4ஆம் உலகங்களுக்குக் குழாய். 3-1இன் படிக்கட்டில் ஆமையை மிதித்து மிதித்து லைஃப் சேர்ப்பவர்கள் 127ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் எண் மைனஸாகிவிடும், அடுத்த சாவிலேயே கேம் ஓவர்.

நான்காவது சிப் அண்ட் டேல் ரெஸ்க்யூ ரேஞ்சர்ஸ், காப்காம், 1990. சின்னக் குழந்தையோடு ஆட முதல் நாள் எதைப் போடுவது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பெட்டியைத் தூக்கி எறிவது, பெட்டிக்குள் ஒளிவது, அவ்வளவுதான் கட்டளைகள். கூட்டாளியையே தூக்கி எறியலாம், சிரிப்புக்கு அது போதும். எளிதானது, ஒரே மாலையில் முடிந்துவிடும். அதனால்தான் நான்காவது.

ஐந்தாவது மெகா டிரைவில் வந்த ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 2, 1992. இந்த மெஷினை 90களின் நடுவில் ஷா வாலஸ் இந்தியாவில் விற்றது, வாங்கியவர்கள் குறைவு. யூசோ கோஷிரோவின் இசைக்காகவே நல்ல ஸ்பீக்கரில் கேட்க வேண்டும். ஏ பட்டனின் விசேஷ அடி உங்கள் உயிரையும் குறைக்கும். ஆக்ஸலை எடுத்தால் முன், முன், பி என்ற அடி உயிரைத் தொடாது, அதைக் கற்றுக்கொண்டால் பாதி ஆட்டம் முடிந்த மாதிரி.

ஆறாவது மெகா மேன் 2, 1988. ஒருவர் ஆடும் ஆட்டம், ஆனால் எந்த ராட்சசனிடம் எந்த ஆயுதம் பலிக்கும் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்லிக்கொண்டே இருக்கலாம். மெட்டல் மேனில் தொடங்குங்கள். அவன் தகடு பபுள் மேனுக்கு, அவன் குமிழி ஹீட் மேனுக்கு, அவன் நெருப்பு வுட் மேனுக்கு, அவன் இலை ஏர் மேனுக்கு. சேமிக்க பேட்டரி தேவையில்லை, கட்டத்தில் புள்ளி வைக்கும் பாஸ்வேர்டு. நோட்டில் குறித்து வைத்தால் போதும்.

ஏழாவது பிளேஸ்டேஷனில் டெக்கன் 3, 1998. எட்டி கோர்டோவை எடுத்துக் கால் பட்டனை மட்டும் அமுக்கும் குழந்தை பெரியவர்களைத் தோற்கடிக்கும், அதில் நியாயமும் இருக்கிறது. பழைய பிளேஸ்டேஷன் வாங்கினால் தலைகீழாக வைத்தால்தான் டிஸ்க் ஓடுகிறதா என்று பாருங்கள், அப்படியானால் லேசர் நகரும் பிளாஸ்டிக் தடம் தேய்ந்துவிட்டது. எட்டாவது ரோட் ஃபைட்டர், 1985. பி பட்டனில் கிளம்பி ஏ பட்டனுக்கு மாறினால் 400 கிலோமீட்டர். பத்து நிமிட ஆட்டம், அதற்கு மேல் இல்லை.

"முஸ்தபா கேம் எங்கே?" என்று அடுத்துக் கேட்பீர்கள். கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் காசு போட்டு ஆடும் மெஷினில் 1993இல் வந்தது. வீட்டு கன்சோலுக்கு வரவே இல்லை. அதன் பெயரில் கேசட் விற்றால் அது வேறு ஏதோ ஒன்று.

பெட்டி உயிர் பெறாவிட்டால்

ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினி, 2 ஜி.பி. போதும், 32 ஜி.பி. கார்டு, 5 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டர். செல்போன் சார்ஜரைப் போட்டால் திரை மூலையில் மின்னல் குறி வரும், ஆட்டம் திணறும். பழைய பெட்டிகளைப் போல நடிக்கும் ரெட்ரோஆர்க் என்ற மென்பொருளில் எஃப்.சி.இ.யு.எம்.எம். கோர் எடுத்து, ரீஜனில் டெண்டி என்று வைத்தால் நம் பெட்டியின் 50 பட வேகம் அப்படியே வரும். ஆடியோ டியூட்டி சைக்கிளை (மேலே சொன்ன அலை அகலங்களை) இடம் மாற்றும் வசதியைப் போட்டால் நம் பெட்டியின் குரலும் வரும். ஒன்றை மறக்காதீர்கள், டெண்டி வைத்தால் ராஸ்பெர்ரி பையிலிருந்து டிவிக்குப் போவதும் 50 ஹெர்ட்ஸாக இருக்க வேண்டும். 60இல் விட்டால் ஓட்டம் விட்டுவிட்டுத் துள்ளும். படத்தின் அகலத்தை 4க்கு 3 என்று வையுங்கள், திரை முழுக்க இழுத்தால் மாரியோ குண்டாகிவிடுவான்.

தாமதத்தைக் குறைக்க ரன் அஹெட் என்ற வசதி இருக்கிறது. எத்தனை படம் வைப்பது என்று ஊகிக்காதீர்கள். ஆட்டத்தின் நடுவில் விசைப்பலகையில் பி அழுத்தி நிறுத்துங்கள், தாவும் பட்டனைப் பிடித்தபடி கே விசையை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். ஆள் எத்தனையாவது தட்டலில் அசைகிறானோ அதில் ஒன்றைக் கழித்தால் வருவதுதான் எண். மாரியோவுக்கு 1. அதிகம் வைத்தால் அசைவுகளின் முதல் படம் காணாமல் போகும். இந்த நகல் வேலையெல்லாம் வேண்டாம், காசு கொடுத்து நேர்வழியில் ஆட வேண்டும் என்றால், கோனாமி 2019இல் வெளியிட்ட கான்ட்ரா ஆனிவர்சரி கலெக்ஷனில் முதலிடத்து ஆட்டம் கிடைக்கும்.

சந்தையில் 620 ஆட்டம் என்று விற்கும் சின்னப் பெட்டிகளை வாங்காதீர்கள். ஒரே ஆட்டம் பல பெயரில் திரும்பத் திரும்ப வரும், நிறமும் ஒலியும் பிசகியிருக்கும், ரிமோட்டின் திசைப் பட்டன் மூலைவாட்டில் அமுங்காது. கான்ட்ராவை அதில் ஆட முடியாது.

வாத்து சுடும் டக் ஹன்ட்டை வரிசையில் சேர்க்காததற்கு ஒரே காரணம் டிவி. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் முழுக்கக் கறுப்பாகும், அடுத்த படத்தில் வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாகும். துப்பாக்கிக் குழாயில் இருப்பது ஒளியை உணரும் கண். அந்தப் படத்தின் நேரத்துக்குள் வெளிச்சத்தைப் பார்த்தால் சுட்டதாகக் கணக்கு. எல்.இ.டி. டிவி அந்தச் சதுரத்தைத் தாமதமாகக் காட்டுவதால் எங்கே குறி வைத்தாலும் தவறும். போதாததற்கு, அந்தக் கண் குழல் டிவி வரி வரியாக வரையும் துடிப்புக்கு ஏற்றது, சீரான வெளிச்சத்தை அது பொருட்படுத்தாது. எந்த கன்வெர்ட்டரும் இதற்கு உதவாது. ஞாயிறு காலை சிக்பேட்டைப் பக்கம் கூடும் பழைய சாமான் சந்தையிலோ ஊர் வீட்டிலோ 14 அங்குலக் குழல் டிவி ஒன்று கிடைத்தால், மஞ்சள் துளை இருக்கிறதா என்று பார்த்து, அங்கேயே ஓட்டிப் பார்த்து எடுங்கள். பின்மூடியை மட்டும் திறக்காதீர்கள், அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். அந்த டிவி வந்துவிட்டால் டக் ஹன்ட்டை மூன்றாம் இடத்துக்கு, மாரியோவுக்கு முன்னால், ஏற்றிவிடுங்கள். ஒரு வாத்து மட்டும் பறக்கும் முதல் ஆட்டத்தில் சாதாரண ரிமோட்டால் வாத்தை ஓட்டலாம். மகள் துப்பாக்கியைப் பிடிக்கட்டும், வாத்து உங்கள் கையில் பறக்கட்டும்.